சொல்லுக்கு விலங்கு!

தம்பி,

கையகல அட்டை ஒன்றை எண்ணிப் பார். ஒருபுறம் ஒரு சொல். மறுபுறம் அதன் பொருள். மொழி பயில்வோர் மனப்பாடம் செய்வதற்காக எழுதி வைத்துக்கொள்ளும் அட்டை. கூர்முனை கிடையாது, குண்டு கிடையாது, விசை கிடையாது. தீயிலிட்டால் சாம்பலாகும், நீரிலிட்டால் கூழாகும். அத்தகைய அட்டைக் கட்டொன்றைப் பையிலே வைத்திருந்ததற்காக, விமானமேற வந்த மாணவன் ஒருவனுடைய கைகளை முதுகுப்புறம் சேர்த்து விலங்கு பூட்டி, ஊரார் பார்க்க நடத்திச் சென்று, கொட்டடியிலே அடைத்தார்கள்.

எந்த நாட்டிலே என்று கேட்பாய். எவனோ ஒரு எதேச்சாதிகாரி ஆளும் நாடாக இருக்கும் என்று எண்ணுவாய். அல்ல, தம்பி! ஐக்கிய அமெரிக்காவிலே! அங்கும் எந்த ஊரிலே? பிலடெல்பியாவிலே!

பிலடெல்பியா! கிரேக்க மொழியிலே அப்பெயருக்குச் சகோதர அன்பு என்று பொருள். 1776ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலைப் பிரகடனம் நிறைவேறிய ஊர். 1787இலே அந்நாட்டு அரசியல் சட்டம் வகுக்கப்பட்ட ஊர். வெடிப்பு விழுந்த விடுதலை மணியைக் காண, உலகெங்குமிருந்து மக்கள் வந்து வரிசையிலே நிற்கும் ஊர். இன்னொன்றும் சொல்லட்டுமா? பிரகடனம் நிறைவேறிற்று என்ற செய்தியை முதன்முதலாக, ஜூலை 5ஆம் நாள், அச்சிட்டு வெளியிட்ட ஏடு ஆங்கில ஏடு அன்று. அவ்வூரிலே நடைபெற்று வந்த ஜெர்மன் மொழி ஏடு! விடுதலைச் செய்தியே வேற்றுமொழி எழுத்திலேதான் முதலில் அச்சேறிற்று அந்த ஊரிலே. அந்த ஊரிலேதான், 2009ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள், வேற்றுமொழிச் சொற்களை எழுதி வைத்திருந்தவனுக்கு விலங்கு!

யார் அந்த மாணவன்? கலிபோர்னியாவிலே ஒரு கல்லூரியிலே இயற்பியல் பயின்றவன். அத்துடன் மத்திய கிழக்கு நாடுகளைப் பற்றியும் பாடம் கேட்டு, அரபு மொழியும் கற்று வந்தான். ஜோர்டான் நாட்டிலே சில காலம் தங்கி அம்மொழியைப் பயின்றவன். அரபு மொழிச் செய்திகளைப் பிறர் துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவன் அவா. விடுமுறை முடிந்தது, இறுதியாண்டுப் படிப்புக்காகக் கல்லூரி திரும்ப வேண்டும். நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பயணம். அந்த நேரத்தை வீணாக்குவானேன் என்று அட்டைக் கட்டைச் சட்டைப்பையிலே போட்டுக்கொண்டு புறப்பட்டான்.

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். பாடப்புத்தகத்தைத் திறக்க மனமில்லாமல் நாடகக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டிருந்தவன். ஆகையால், பயணத்தின்போதுகூடப் படிக்க எண்ணும் மாணவனைப் பற்றிக் கேள்விப்பட்டால், எனக்குச் சிறிது வெட்கமும் மிகுந்த மரியாதையும் தோன்றுவது வழக்கம். சோதனைச் சாவடியிலே இருந்தவர்களுக்குத் தோன்றியது சந்தேகம்.

பையிலுள்ளதை எடுத்து வை என்றனர், வைத்தான். அட்டைகளைக் கண்டனர், தனியே அழைத்துச் சென்றனர். உடைமைகளைத் துருவினர். வெடிமருந்தின் தடயம் ஏதேனும் ஒட்டியிருக்கிறதா என்று ஆராய்ந்தனர். இல்லை. ஆயுதம் உண்டா? இல்லை. ஒரு புத்தகம் இருந்தது. அமெரிக்க அரசின் வெளிநாட்டுக் கொள்கையைக் குறைகூறும் புத்தகம். அதைக் கண்டதும் முகம் மேலும் கறுத்தது. அந்தப் புத்தகத்தை எழுதியவர் யார் தெரியுமா? குடியரசுத் தலைவர் ரீகன் காலத்திலே வாணிபத் துறையில் ஆலோசகராக அமர்ந்திருந்தவர்! அட்டையைப் பார்த்தவர்கள் புத்தகத்தின் அட்டையைச் சரியாகப் பார்க்கவில்லை போலும்.

அட்டைகளிலே என்னென்ன சொற்கள்? பின்னர் தொடுக்கப்பட்ட வழக்கின் மனுவிலே அவற்றுள் சில குறிக்கப்பட்டுள்ளன. நேற்று முன்தினம் என்று ஓர் அட்டை. பருமன் என்று ஒன்று, மெலிவு என்று ஒன்று. மலிவு. கோடை. துயரம். நேசம். இவற்றுக்கிடையே வெடிகுண்டு என்ற சொல்லும், பயங்கரவாதி என்ற சொல்லும் இருந்தன. இருக்காதா, தம்பி? அந்த ஆண்டுகளிலே ஈராக்கைப் பற்றி எந்த மொழியிலே எந்த ஏடு செய்தி வெளியிட்டாலும், முதல் பத்தியிலேயே அந்த இரண்டு சொற்களும் வந்து நிற்கவில்லையா? வெடிகுண்டு என்ற சொல் அறியாதவன் பாக்தாத் செய்தியை எப்படிப் படிப்பான்?

மேலதிகாரி ஒருவர் வந்தார். அவருக்கும் மாணவனுக்கும் நடந்த உரையாடலை, மாணவன் நீதிமன்றத்திலே முறையிட்டபடியே தருகிறேன்.

"செப்டம்பர் 11 தாக்குதலைச் செய்தது யார், தெரியுமா?"

"ஒசாமா பின் லேடன்."

"அவன் பேசிய மொழி எது, தெரியுமா?"

"அரபு."

அதிகாரி அட்டைகளை உயர்த்திக் காட்டினார். "இவை ஏன் சந்தேகத்துக்குரியவை என்று இப்போது புரிகிறதா?"

நாடகம் எழுதுபவன் நான். இப்படியொரு கட்டத்தை எழுதிக்கொண்டு போயிருந்தால், ஒத்திகையிலேயே நடிகர்கள் மறுத்திருப்பார்கள். "அண்ணே! அதிகாரியை இவ்வளவு கோமாளியாக்கினால் ஜனங்கள் நம்பமாட்டார்கள்" என்று சொல்லியிருப்பார்கள். நானும் அடித்துவிட்டு வேறு எழுதியிருப்பேன்.

பின் லேடன் பேசிய மொழி அரபு, மெய். உலகிலே முப்பது கோடிக்கு மேற்பட்டோர் பேசும் மொழியும் அதுவே. அந்த மாணவன் இயற்பியல் வகுப்பிலே போடும் கணக்குக்குப் பெயர் அல்ஜீப்ரா. அந்தப் பெயரைத் தந்ததும் அரபு மொழி. அவனைக் கைது செய்தார்கள் என்று நாம் தமிழிலே எழுதுகிறோமே, அந்தக் 'கைது' என்ற சொல்லே அரபிலிருந்து புறப்பட்டுப் பாரசீகம் வழியே, உருது வழியே நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது! கைதிக்காக வாதாடும் வக்கீலும், வக்கீல் கேட்கும் ஜாமீனும் அப்படி வந்தவைதாம். சொல்லைச் சோதனை போட்டு மறிப்பதானால், நம் ஊர்க் கச்சேரிகளிலே வாய் திறக்க முடியாது.

இன்னும் எளிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த மேலதிகாரி அரை நிமிடம் நிதானித்திருந்தால் அவருக்கே தோன்றியிருக்கும். அட்டையிலே ஒருபுறம் அரபு, மறுபுறம் ஆங்கிலம். இதை எழுதி வைத்து உருப்போடுகிறவன் யார்? அரபு மொழி அறியாதவன்! தாய் மடியிலே கற்ற மொழியை எவனாவது அட்டையிலே எழுதி மனப்பாடம் செய்வானா? நேற்று முன்தினம் என்பதற்கு என்ன சொல் என்று விழிப்பவனா பின் லேடனின் தூதன்? அவனைக் குற்றவாளியாக்க எதை உயர்த்திக் காட்டினாரோ, அதுவே அவனுக்கு நற்சான்று. கையிலே சான்றைப் பிடித்துக்கொண்டே குற்றம் சாட்டினார்!

போலீசார் வந்தனர். விலங்கு பூட்டினர். விமான நிலையத்துப் போலீஸ் கொட்டடியிலே நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்தனர். அதிலே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கைவிலங்கோடு. எதற்காக என்று சொன்னவர் இல்லை. பிறகு மத்தியப் புலனாய்வுத் துறையினர், எப்.பி.ஐ. என்பார்களே அவர்கள், இருவர் வந்தனர். நீ முஸ்லிமா? இஸ்லாமிய ஆதரவுக் குழு எதிலாவது உறுப்பினனா? கல்லூரியிலே கம்யூனிஸ்டுகள் யாரையாவது அறிவாயா? இப்படிப் போயிற்று விசாரணை. சோவியத் ஒன்றியம் மறைந்து பதினெட்டு ஆண்டுகளாகியும் பழைய வினாத்தாள் மாறவில்லை! இறுதியில், இவனால் ஆபத்து இல்லை என்று அவர்களே முடிவு கட்டினர். ஆக, சுமார் ஐந்து மணி நேரம். விமானம் எப்போதோ பறந்துவிட்டது. மறுநாள்தான் அவனால் கல்லூரிக்குப் புறப்பட முடிந்தது.

விமான நிலையத்திலே சோதனையே கூடாது என்கிறாயா அண்ணா, என்று நீ கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2001 செப்டம்பர் 11இலே ஏறத்தாழ மூவாயிரம் பேர் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பரிலே ஒருவன் காலணிக்குள் வெடிமருந்தை மறைத்துக்கொண்டு விமானமேறினான். இந்த மாணவன் பிடிபட்ட நான்காம் திங்களிலே, 2009 டிசம்பரில், வேறொருவன் உள்ளாடைக்குள் மறைத்துக்கொண்டு ஏறினான். வாயிலிலே நிற்கும் காவலர் ஒரு முறை தவறினால் முந்நூறு குடும்பங்கள் அழும். அந்தப் பொறுப்பின் சுமையை நான் எளிதாக எண்ணவில்லை. பையைத் திற என்றால் திறக்கத்தான் வேண்டும். 'வெடிகுண்டு' என்ற சொல்லைக் கண்டவர், "இது என்ன, தம்பி?" என்று கேட்டதிலேகூடத் தவறில்லை.

ஆனால், அவர்கள் சோதித்து முடித்த பிறகு நடந்ததல்லவா விலங்கு! வெடிமருந்து உண்டா என்று கருவியைக் கேட்டனர், இல்லை என்றது. பெட்டியைக் கேட்டனர், இல்லை என்றது. கடைசியாகத் தங்கள் அச்சத்தைக் கேட்டனர். அது, ஆம் என்றது. அதன் சொல்லைக் கேட்டு நடந்தனர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அரண்டவன் கையிலே விலங்கும் இருந்தால்?

இதிலே மிகப் பெரிய விந்தை இனிமேல்தான் வருகிறது. அமெரிக்க அரசுக்கு அந்த நாளிலே எதுவெல்லாம் பஞ்சமாயிருந்தது தெரியுமா? பணத்துக்கல்ல, படைக்கலத்துக்கல்ல, அரபு மொழி அறிந்தவர்களுக்குத்தான் பஞ்சம்!

2001 செப்டம்பர் 10ஆம் நாள், தாக்குதலுக்கு முதல் நாள், அரபு மொழிச் செய்திகள் இரண்டு அமெரிக்க ஒற்றுக்கேட்கும் துறையிடம் அகப்பட்டன. நாளைதான் அந்த நேரம் என்ற கருத்துள்ள செய்தி ஒன்று. அவை ஆங்கிலத்திலே பெயர்க்கப்பட்டது எப்போது? செப்டம்பர் 12ஆம் நாள். கட்டடங்கள் சரிந்து, புகை அடங்காதிருந்த வேளையிலே! முன்பே பெயர்த்திருந்தால் தடுத்திருக்க முடியும் என்று நான் கூறவில்லை; இடமோ, ஆளோ, முறையோ அந்தச் செய்திகளிலே குறிக்கப்படவில்லை. ஆனால் படிக்க ஆளில்லாமல் தாள் கிடந்தது என்பது மெய். 2004ஆம் ஆண்டிலே அந்நாட்டு நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் கணக்கெடுத்தபோது, பயங்கரவாதம் தொடர்பான மொழிகளிலே பதிவு செய்யப்பட்டு எப்.பி.ஐ. இன்னும் கேட்டு முடிக்காத ஒலிப்பதிவுகள் 1,20,000 மணி நேரத்துக்கு மேல் குவிந்திருந்தன. 2006 டிசம்பரிலே ஈராக்கைப் பற்றி ஆராய்ந்த இரு கட்சிக் குழு அறிக்கை தந்தது: பாக்தாத்திலுள்ள அமெரிக்கத் தூதரகத்திலே ஊழியர் 1,000 பேர், அவர்களிலே அரபு அறிந்தவர் 33, தடையின்றிப் பேசக் கூடியவர் 6!

ஆறே பேர்! ஒரு நாட்டைப் படையெடுத்துப் பிடித்து, அதை ஆளவும் முற்பட்ட தூதரகத்திலே, அந்நாட்டாரோடு தங்குதடையின்றிப் பேச ஆறே பேர்!

அதனால்தான் 2006 ஜனவரியிலே குடியரசுத் தலைவர் புஷ், தேசப் பாதுகாப்பு மொழித் திட்டம் என்று ஒரு திட்டத்தை அறிவித்தார். அரபு படியுங்கள், சீனம் படியுங்கள், பாரசீகம் படியுங்கள், நாட்டின் பாதுகாப்புக்கு அது தேவை என்று மாணவர்களை அழைத்தார். மூன்றாண்டு கழித்து, அரபு படிக்கும் மாணவன் ஒருவன் விமான நிலையத்துக்கு வருகிறான். பாதுகாப்பு என்ற பெயராலே 'படி' என்றது அரசின் ஒரு கை. அதே பாதுகாப்பின் பெயராலே விலங்கு பூட்டியது மற்றொரு கை. ஓர் உடலின் இரு கைகள், தம்பி!

இது ஒருநாள் நடந்த தவறு என்று விட்டுவிடலாம் என்றால், விட முடியவில்லை. 2006 ஆகஸ்டிலே நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு, ஈராக்கியக் கட்டடக் கலைஞர் ஒருவர் வந்தார். அமெரிக்காவிலே வாழ்பவர். அவர் அணிந்திருந்த மேற்சட்டையிலே, நாங்கள் வாய்மூடி இருக்கமாட்டோம் என்று அரபிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. அதனை மறைக்காமல் விமானமேற விடமாட்டோம் என்றனர். அரபு எழுத்துள்ள சட்டையோடு விமான நிலையத்துக்கு வருவது, நான் கொள்ளைக்காரன் என்று எழுதிய சட்டையோடு வங்கிக்குள் நுழைவதற்கு ஒப்பாகும் என்று அதிகாரி ஒருவர் உவமையும் சொன்னாராம்! ஆங்கிலத்திலேயும் அதே பொருள் எழுதியிருந்ததே, அதையாவது படித்திருக்கலாமே! வேறொரு சட்டை தந்து மேலே அணியச் செய்து, முன்னே இருந்த இருக்கையை மாற்றிப் பின்னே கொண்டுபோய் உட்கார வைத்தனர்.

வாய்மூடி இருக்கமாட்டோம் என்ற வாசகத்தின் பிறப்பிடம் எது என்பதையும் கூற வேண்டும். ஹிட்லரின் ஜெர்மனியிலே, 1942ஆம் ஆண்டு, மியூனிக் நகரத்து மாணவர் சிலர் வெள்ளை ரோஜா என்ற பெயரிலே இரகசியத் துண்டறிக்கைகளை வெளியிட்டனர். அவற்றிலே ஒன்றின் முடிவிலே வருகிறது அந்தக் கருத்து. 1943 பிப்ரவரியிலே பிடிபட்ட அம்மாணவர்களின் தலையை வெட்டினர் நாஜிகள். அந்த நாஜிகளை எதிர்த்துப் போர் புரிந்து வென்ற நாட்டிலே, அந்த வாசகத்துக்கு மூடுசட்டை! 2009 ஜனவரியிலே, விமான நிறுவனமும் அதிகாரிகள் இருவருமாக அவருக்கு 2,40,000 டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டனர்.

2016 மே திங்களிலே, அதே பிலடெல்பியாவிலே மற்றொன்று. பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர், இத்தாலியர், விமானத்திலே அமர்ந்து தாளிலே ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கைப் பெண்மணிக்குக் கிலி. உடல்நலமில்லை என்று சொல்லி இறங்கிவிட்டார், விவரம் தெரிவித்தார். விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம். பேராசிரியர் எழுதிக்கொண்டிருந்தது வகைக்கெழுச் சமன்பாடு! அரபோ, கணக்கோ, தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தெல்லாம் சதி என்று எண்ணத் தொடங்கிவிட்டால், அந்த எண்ணம் சாவடியோடு நிற்பதில்லை. பக்கத்து இருக்கைவரை பரவிவிடுகிறது.

பிலடெல்பியா மாணவன் 2010இலே வழக்குத் தொடுத்தான். காரணமின்றிச் சோதனையிடவும் சிறைபிடிக்கவும் கூடாது என்பது அந்நாட்டு அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தம். 1791 முதல் இருப்பது. கீழ்நீதிமன்றம் வழக்கு நடக்கலாம் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம், 2013 டிசம்பரிலே, மத்திய அரசு அதிகாரிகள் மீது வழக்குச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. காலணியும் உள்ளாடையும் குண்டாகும் காலம் இது என்று நீதிபதிகள் நினைவூட்டினர். அட்டைகளுக்குக் குற்றமற்ற விளக்கம் உண்டென்பதை அவர்கள் மறுக்கவில்லை. நடந்தது சட்டம் அனுமதிக்கும் எல்லையின் விளிம்பிலே இருக்கிறது, எனினும் எல்லைக்கு உள்ளேதான் என்றனர்.

தீர்ப்பை நான் மதிக்கிறேன்; அதிலே ஓர் இடம் மட்டும் மனத்தை உறுத்துகிறது. சாவடி அதிகாரிகள் போலீசை அழைத்தார்களே தவிர, விலங்கு பூட்டியவர்கள் அவர்கள் அல்லர். எப்.பி.ஐ. அதிகாரிகள் கேள்வி கேட்டார்களே தவிர, கொட்டடியிலே அடைத்தவர்கள் அவர்கள் அல்லர். ஆகவே அவர்கள் பொறுப்பல்லர். போலீசாரோ, சாவடியிலே சந்தேகம் என்றார்கள், பூட்டினோம் என்பவர்கள். மூன்று துறைகள், ஒவ்வொன்றும் அடுத்ததன் பக்கம் விரல் நீட்டுகிறது. பூட்டிய கை யாருடையது என்பதிலே இவ்வளவு வழக்கு. பூட்டப்பட்ட கை யாருடையது என்பதிலே வழக்கே இல்லை.

எஞ்சியிருந்தது நகரப் போலீஸ் மீதான வழக்கு. 2015 ஜனவரியிலே நகராட்சி சமரசத்துக்கு வந்தது. ஒரு தொகையும் தந்தது. அத்துடன், விமான நிலையத்திலே பணிபுரியும் போலீசாருக்கு அறிவுறுத்தவும் இசைந்தது: சாவடி அதிகாரிகள் அழைத்தார்கள் என்பதற்காக மட்டும் எவரையும் பிடித்து வைக்கலாகாது, காரணம் உண்டா என்று நீங்களே எண்ணிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று. அட்டைக் கட்டு மேசைமீது வைக்கப்பட்ட நாளிலிருந்து, எண்ணிப் பார்க்கச் சொல்லும் அந்த அறிவுரை பிறக்க, ஐந்து ஆண்டுகளும் ஐந்து திங்களும் ஆயின.